தப்பின் ஒலியைச் சின்தசைசரில் உருவாக்குவது எப்படி: இலவச பிரிசெட் செய்து பகிர்வதற்கான முழுமையான வழிகாட்டி

பெரட்டுக் களத்துக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) ஆட்களை அழைப்பதற்கும், மாசி மாதத்துக் காமன் கூத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும், சாவு வீட்டுக்கும் என இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தப்பு என்ற தோற்பறை ஒலிக்காத தலைமுறை ஒன்று இருந்ததில்லை. ஆனால் அதே தோட்டத்தில் பிறந்த ஒருவர் பழைய மடிக்கணினி ஒன்றில் இலவசச் சின்தசைசரை (ஒலியைச் செயற்கையாக உருவாக்கும் மென்பொருள்) நிறுவி, அதனுடன் வரும் நூற்றுக்கணக்கான பிரிசெட்டுகளைப் புரட்டிப் பார்த்தால், ஐரோப்பியத் தேவாலய ஓர்கனும் அமெரிக்க நடனக் கூடத்து பேஸும் கிடைக்கும், தப்பு கிடைக்காது. எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அதை நானே செய்யக் கற்றுக்கொண்டேன். கற்றதை, புதிதாகத் தொடங்கும் ஒருவர் பின்பற்றக்கூடிய வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிரிசெட் என்பது ஒலிப்பதிவு அன்று. அலையை உண்டாக்கும் ஒஸிலேட்டர் எந்தச் சுருதியில் இருக்க வேண்டும், அதை வடிகட்டும் ஃபில்டர் எவ்வளவு திறந்திருக்க வேண்டும், ஒலி எத்தனை மில்லி செக்கனில் அடங்க வேண்டும் என்பன போன்ற எண்களின் தொகுப்பே அது. சின்தசைசர் அந்த எண்களைப் படித்து ஒலியை அந்தக் கணத்தில் புதிதாக உண்டாக்குகிறது. இதனால் கோப்பு மிகச் சிறியதாக இருக்கும். கைத்தொலைபேசி டேட்டாவை மட்டும் நம்பியிருக்கும் நமக்கு இது பெரிய வசதி. எவ்வளவு சிறியது என்பதற்கு ஓர் உதாரணம்: 1983-இல் யமஹா வெளியிட்ட டி.எக்ஸ்.7 சின்தசைசரின் ஒலித்தொகுப்புக் கோப்பு ஒன்று 32 ஒலிகளைச் சுமந்தும் 4,104 பைட் மட்டுமே. அதே கோப்பை இன்று டெக்ஸெட் என்ற இலவச மென்பொருள் அப்படியே திறக்கும்.

எந்தச் சின்தசைசரைத் தெரிவு செய்வது?

கட்டணமின்றிக் கிடைப்பவற்றுள் சர்ஜ் எக்ஸ்.டி., வைட்டல், டெக்ஸெட், ஸின்-அட்-சப்-எஃப்.எக்ஸ். ஆகியவை பலராலும் பாவிக்கப்படுகின்றன. தொடங்குபவருக்கு நான் சர்ஜ் எக்ஸ்.டி.யையே பரிந்துரைப்பேன். அது ஒரு காலத்தில் விலைக்கு விற்கப்பட்ட மென்பொருள். 2018-இல் அதை எழுதியவர் மூலநிரலை, எவரும் பாவித்து மாற்ற இடந்தரும் ஜி.பி.எல். உரிமத்தில் திறந்து விட்டார். அன்றிலிருந்து தன்னார்வலர்கள் அதை வளர்த்து வருகிறார்கள். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். வேறு இசை மென்பொருள் இல்லாமல் தனியாகவும் திறக்கலாம். மிடி கீபோர்ட் (கணினியுடன் இணைக்கும் இசை விசைப்பலகை) இல்லாதவர் கணினியின் விசைப்பலகையைக் கொண்டே வாசித்துப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் செய்யும் பிரிசெட்டைத் தரவிறக்கம் செய்பவரும் அதைத் திறப்பதற்கு ஒரு சதமும் செலவிட வேண்டியதில்லை.

கேட்பதும் அளப்பதும்

கருவியைத் தொடுவதற்கு முன், செய்யப்போகும் ஒலியை நன்றாகக் கேட்க வேண்டும். தப்புக் கலைஞர் ஒருவரின் அனுமதியைப் பெற்று, தனித்தனி அடிகளாகக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள்: நடுவில் ஐந்து அடி, விளிம்பில் ஐந்து அடி, மென்மையாக ஐந்து, ஓங்கி ஐந்து. ஒவ்வோர் அடியும் முற்றாக அடங்கிய பின்பே அடுத்ததை அடிக்கச் சொல்லுங்கள். தொலைபேசியைத் தோலுக்கு மிக அருகே பிடித்தால் பதிவு உடைந்துவிடும். ஒன்றரை அல்லது இரண்டு மீற்றர் தள்ளிப் பிடிப்பது நல்லது.

பதிவைக் கணினிக்கு மாற்றி, ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஓர் அடியை மட்டும் தெரிந்தெடுத்து, அதன் அலைவெண் நிறமாலையை வரையுங்கள். வரைபடத்தில் சில முகடுகள் எழுந்து நிற்கும். அவற்றின் ஹெர்ட்ஸ் எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிரிசெட்டின் அத்திவாரம் அந்தத் தாள்தான்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் இயற்பியலை அறிந்துகொண்டால் வேலை பாதியாகக் குறையும். வட்டச் சட்டத்தில் சீராக இழுத்துக் கட்டப்பட்ட தோல் ஒன்று அதிரும்போது, அதன் அடிப்படை அலைவெண்ணை 1 என்று கொண்டால், மேல் அலைவெண்கள் ஏறத்தாழ 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்ற விகிதங்களில் அமையும். வீணை நரம்பில் வருவது போல 2, 3, 4 என்ற முழு எண்களாக அவை வருவதில்லை. தப்பில் குறிப்பிட்ட ஒரு சுரத்தை நம்மால் பாட முடியாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. மிருதங்கத்தில் சுரம் தெளிவாகக் கேட்பது, அதன் வலந்தலையின் நடுவில் பூசப்படும் கரணையின் பாரம் அந்த விகிதங்களை முழு எண்களுக்கு அருகே இழுத்துவிடுவதால்தான். இதை சி. வி. இராமன் 1920-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தப்பில் கரணை இல்லை. ஆகவே நாம் முழு எண் அல்லாத விகிதங்களையே நாட வேண்டும்.

உங்கள் பதிவில் முதல் முகடு 180 ஹெர்ட்ஸில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்தவை 287, 385 ஹெர்ட்ஸ் அளவில் தோன்ற வேண்டும். உண்மைத் தப்பில் இவை சற்று விலகியே இருக்கும்; தோலின் தடிப்பும், அது சுமக்கும் காற்றும், இழுப்பின் ஏற்றத்தாழ்வும் கணக்கை மாற்றும். கணக்கும் பதிவும் முரண்பட்டால் பதிவை நம்புங்கள்.

தோலைக் கட்டுதல்

சர்ஜில் டெம்ப்ளேட் பகுதியில் உள்ள வெற்றுச் சைன் பிரிசெட்டைத் திறவுங்கள். வேறொருவரின் பிரிசெட்டை மாற்றத் தொடங்குவதை விட இது நல்லது, ஏனெனில் அங்கே மறைந்திருக்கும் ஏதோ ஓர் இணைப்பு பின்னர் உங்களைக் குழப்பும்.

மூன்று ஒஸிலேட்டர்களையும் சைன் வகைக்கு மாற்றி, மிக்சரில் மூன்றையும் திறந்து விடுங்கள். முதலாவது அடிப்படை அலைவெண். அதை அப்படியே விடலாம். இரண்டாவதை 1.59 விகிதத்துக்கு உயர்த்த வேண்டும். விகிதத்தை அரைச்சுரமாக (கீபோர்டில் அடுத்தடுத்த இரு விசைகளுக்கு இடையிலான இடைவெளி) மாற்ற, அதன் பத்தடி மடக்கையை 39.86-ஆல் பெருக்கினால் போதும்: 1.593-க்கு 8.06 அரைச்சுரமும், 2.136-க்கு 13.14 அரைச்சுரமும் கிடைக்கும். சர்ஜின் சுருதிச் சறுக்கி சாதாரண நிலையில் 7 அரைச்சுரம் வரையே போகும் என்பதால், இரண்டாவது ஒஸிலேட்டருக்கு ஒக்டேவைக் கூட்டல் 1 ஆக்கிச் சுருதியைக் கழித்தல் 3.94 ஆகவும், மூன்றாவதற்கு ஒக்டேவைக் கூட்டல் 1 ஆக்கிச் சுருதியைக் கூட்டல் 1.14 ஆகவும் வையுங்கள். சறுக்கியின் மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்தால் எண்ணை நேரடியாகத் தட்டச்சு செய்யலாம். இரண்டாவதன் ஒலிமட்டத்தை முதலாவதை விட 6 டெசிபெல் அளவும், மூன்றாவதை 9 டெசிபெல் அளவும் குறைத்துத் தொடங்குங்கள். மூன்றிலும் ரீட்ரிகர் பொத்தானை அழுத்தி விடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வோர் அடியும் அலையின் வெவ்வேறு இடத்தில் தொடங்கி, சில அடிகள் மழுங்கிக் கேட்கும்.

அடுத்தது ஒலி எழுந்து அடங்கும் விதம். ஒலிமட்டம் நேரத்தோடு ஏறி இறங்குவதைத் தீர்மானிப்பது அம்ப் என்வலப். அதில் எழுச்சியைப் பூச்சியமாகவும், தேய்வைச் சுமார் 250 மில்லி செக்கனாகவும், நிலைப்பைப் பூச்சியமாகவும், விடுவிப்பை 200 மில்லி செக்கனாகவும் வையுங்கள். நிலைப்பு சிறிதளவேனும் இருந்தால், விசையை அழுத்திப் பிடிக்கும்போது தப்பு ஊதுகுழல் போல நீளும்.

இந்தக் கட்டத்தில் கேட்டால் ஒலி மரக்கட்டை போல இருக்கும். ஓங்கி அடிக்கப்பட்ட தோல் அந்தக் கணத்தில் இறுகிச் சுருதி உயர்ந்து, உடனே இறங்கும். அந்த இறக்கம் இல்லாததே குறை. ஃபில்டர் என்வலப்பின் தேய்வை 40 மில்லி செக்கனுக்கு வைத்து, அதைக் காட்சியின் (மூன்று ஒஸிலேட்டர்களும் ஃபில்டர்களும் என்வலப்புகளும் சேர்ந்த முழு ஒலி அமைப்பு; சர்ஜில் ஏ, பி என இரண்டு உண்டு) சுருதியுடன் இரண்டு அல்லது மூன்று அரைச்சுர அளவுக்குத் தொடுத்து விடுங்கள்; தொடுக்கும் முறை கீழே வருகிறது. ஐந்துக்கு மேல் போனால் அது நடனக் கூடத்து எலக்ட்ரோனிக் டிரம் ஆகிவிடும்.

குச்சியைச் சேர்த்தல்

தப்பின் அடையாளமே தோலின் மேல் மெல்லிய குச்சி எழுப்பும் வெடிப்பு. அதற்குத் தனி என்வலப் தேவை என்பதால், சர்ஜின் இரண்டாவது காட்சியைப் பாவிக்க வேண்டும். காட்சி முறையை இரட்டை என்ற நிலைக்கு மாற்றினால், ஒரே விசை இரண்டு காட்சிகளையும் ஒலிக்கச் செய்யும். காட்சி பி-யில் ஒஸிலேட்டர்கள் மூன்றையும் மௌனமாக்கி, இரைச்சலை மட்டும் திறந்து, குறித்த அலைவெண்ணை ஒட்டியவற்றை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் ஒன்றை 3,000 ஹெர்ட்ஸ் அளவில் வைத்து, அம்ப் என்வலப்பின் தேய்வை 20 மில்லி செக்கனுக்குச் சுருக்குங்கள். பிறகு வெலோசிட்டியை (விசையை எவ்வளவு பலமாக அடிக்கிறோம் என்ற அளவு) இந்த இரைச்சலின் மட்டத்துடன் தொடுத்தால், மென்மையாக அடிக்கும்போது தோலும், ஓங்கி அடிக்கும்போது குச்சியும் முன்னே வரும்.

சர்ஜில் தொடுப்பு செய்யும் முறை இதுதான்: திரையின் கீழே உள்ள, என்வலப், வெலோசிட்டி போன்ற மூலங்களில் ஒன்றை ஒருமுறை சொடுக்கினால் அது தெரிவாகும், மறுபடி சொடுக்கினால் தொடுக்கும் நிலைக்குப் போகும். அந்த நிலையில் எந்தச் சறுக்கியை நகர்த்தினாலும் அதன் மேல் தொடுப்பின் அளவு பதியும். முடிந்ததும் அந்த நிலையிலிருந்து வெளியே வர மறவாதீர்கள். தொடுக்கும் நிலையில் இருப்பதை அறியாமல் சறுக்கிகளை நகர்த்தி ஒலியைக் கெடுத்துக்கொள்வது தொடக்கத்தில் எல்லோருக்கும் நேர்வது.

மெக்ரோ: வாசிப்பவரின் கைக்கு எட்டும் நான்கு சறுக்கிகள்

இந்த அளவுக்குச் செய்து முடித்ததும், நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது வருடமாகத் தப்படிக்கும் உறவினர் ஒருவரிடம் மடிக்கணினியைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து இரண்டு தடவை கேட்டார். "தப்புதான் தம்பி, இல்லன்னு சொல்லல. ஆனா இது காய்ச்சாத தப்பு" என்றார். "காய்ச்சுனா எப்படி இருக்கும் மாமா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து போய், அடுப்பில் கிடந்த தேயிலை மிலாரை (காய்ந்த தேயிலைச் சுள்ளியை) வாசலுக்கு இழுத்துப் போட்டு, தப்பின் முகத்தை அந்த நெருப்புக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் சுண்டிப் பார்த்தார். தொடக்கத்தில் தொப்பென்று விழுந்த ஒலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசியில் கணீரென்று லயத்துச் சுவரில் மோதித் திரும்பியது. பனி இறங்கும் ஊரில் தோல் எந்நேரமும் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஈரத் தோல் தளர்ந்து அதிர்வைத் தனக்குள்ளேயே விழுங்கிவிடுகிறது. நெருப்பு அந்த ஈரத்தை எடுத்துத் தோலை இறுக்குகிறது.

மெக்ரோ என்பது பல அமைப்புகளை ஒன்றாக நகர்த்தும் ஒரே சறுக்கி. அன்று இரவே முதலாவது மெக்ரோவுக்குச் சூடு என்று பெயர் வைத்தேன். அதை நகர்த்தினால் ஒரே நேரத்தில் நான்கு காரியங்கள் நடக்கும்: காட்சி ஏ-யின் சுருதி ஐந்து அரைச்சுரம் வரை ஏறும், தேய்வு நேரம் நீளும், இரண்டாம் மூன்றாம் ஒஸிலேட்டர்களின் மட்டம் கூடும், குச்சியின் ஃபில்டர் மேலும் திறக்கும். மெக்ரோ ஒன்றின் பெறுமதி இதில்தான் இருக்கிறது. சின்தசைசரைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரும் ஒரே சறுக்கியைத் தள்ளித் தப்பைக் காய்ச்சலாம்.

இரண்டாவது மெக்ரோவுக்கு விளிம்பு என்று பெயர். வட்டத் தோலின் நடுவில் சரியாக அடித்தால் 1.59, 2.14 விகிதத்து அதிர்வுகள் கிட்டத்தட்ட எழுவதில்லை, ஏனெனில் அந்த அதிர்வுகளில் தோலின் நடு அசைவதே இல்லை. விளிம்பை நோக்கிப் போகப் போக அவை வலுக்கும். ஆகவே இந்த மெக்ரோ முதல் ஒஸிலேட்டரைச் சற்றுத் தாழ்த்தி, மற்ற இரண்டையும் உயர்த்த வேண்டும். மூன்றாவது குச்சி, இரைச்சலின் மட்டம் மட்டும். நான்காவது திடல், இடத்தின் எதிரொலியைத் தரும் ரிவேர்பின் கலவை. சர்ஜ் எட்டு மெக்ரோக்களைத் தந்தாலும் எட்டையும் நிரப்ப வேண்டியதில்லை. பொருளுள்ள நான்கு, பொருளற்ற எட்டை விட மேலானவை.

நாதஸ்வரமும் கோயில் மணியும்

ஒரு தாளக் கருவியுடன் ஓர் இசைக் கருவியும் தொகுப்பில் இருப்பது நல்லது. நாதஸ்வரம் கூம்பு வடிவக் குழலும் சீவாளியும் கொண்டது. ஒற்றை, இரட்டை என்ற வேறுபாடின்றி எல்லா ஒத்திசை அலைவெண்களும் அதில் எழும். எனவே ரம்ப அலையே அதற்குப் பொருத்தமான தொடக்கம். வாசிப்பு முறையை ஒற்றைக் குரலாக, ஒற்றைத் தூண்டலும் விரல்வழிச் சறுக்கலும் சேர்ந்த வகைக்கு மாற்றி, சுரம் வழுக்கும் நேரமான போர்ட்டமெண்டோவை 60 மில்லி செக்கன் அளவில் வைத்தால், விசைகளை ஒன்றோடொன்று தொட்டு வாசிக்கும்போது மட்டும் சுரம் வழுக்கிச் செல்லும். கமகத்துக்கு இது போதாது. சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தின் எல்லையைத் தேவைக்கேற்ப விரித்துக் கையால் பழக வேண்டும். சுருதியைத் தானாக ஆட்டும் எந்த எல்.எஃப்.ஓ.வும் கமகத்தைத் தராது.

கோயில் மணிக்கு டெக்ஸெட் சிறந்தது. அதன் ஒலி, ஒப்பரேட்டர் எனப்படும் ஆறு சைன் அலை ஆக்கிகளிலிருந்து எழுகிறது; அவை இணையும் விதமே அல்கோரிதம். ஐந்தாவது அல்கோரிதமில் ஆறு ஒப்பரேட்டர்களும் மூன்று சோடிகளாக அமைகின்றன; சோடியில் ஒன்று கேட்கும் ஒலியைத் தாங்கும், மற்றது அதை மாற்றும். ஒரு சோடியில் மாற்றும் ஒப்பரேட்டரின் அலைவெண் அமைப்பில் கோர்ஸ் 2, ஃபைன் 75 என்று வைத்தால் விகிதம் 3.50 ஆகும், உலோக ஒலி உடனே கேட்கும். அந்த ஒப்பரேட்டர் தாங்கும் ஒப்பரேட்டரை விட விரைவாக அடங்க வேண்டும். அடித்த கணத்தில் கூர்மையும், பின்னர் மென்மையான ரீங்காரமும் அப்படித்தான் கிடைக்கும்.

சோதனை

ஒரு பிரிசெட்டை முடித்த அன்றே வெளியிடாதீர்கள், காது களைத்திருக்கும். மறுநாள் காலையில் மிக மெதுவாக, நடுத்தரமாக, முழுப் பலத்துடன் என மூன்று வெலோசிட்டிகளிலும், விசைப்பலகையின் அடியிலும் உச்சியிலும் வாசித்துப் பாருங்கள். எல்லா மெக்ரோக்களையும் உச்சத்துக்குத் தள்ளிய நிலையிலும் ஒலி உடையக் கூடாது. மிகப் பலமான அடி உச்ச மட்டத்துக்குக் கீழே 6 டெசிபெல் அளவில் நிற்பது பாதுகாப்பானது. தொகுப்பில் உள்ள எல்லா ஒலிகளும் காதுக்கு ஏறத்தாழ ஒரே பலத்தில் கேட்க வேண்டும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது திடுக்கிட வைக்கும் தொகுப்பை யாரும் இரண்டாம் முறை திறப்பதில்லை. ஹெட்போனில் மட்டுமன்றிக் கைத்தொலைபேசியின் சிறிய ஸ்பீக்கரிலும் கேளுங்கள். அங்கே தப்பின் அடிப்படை அலைவெண் கேட்காது. குச்சியும் மேல் அலைவெண்களும் மட்டுமே அதைத் தப்பு என்று காட்ட வேண்டியிருக்கும்.

பெயர், உரிமம், வெளியீடு

சர்ஜில் சேமிக்கும்போது பெயர், வகை, ஆக்கியோன், உரிமம், குறிப்பு ஆகியவற்றுக்குத் தனி இடங்கள் உண்டு. ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள். கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலேயே வைப்பது நல்லது. சில பழைய கணினிகளில் சுருக்குக் கோப்பை (zip) விரிக்கும்போது தமிழ்ப் பெயர்கள் சிதைந்து விடுகின்றன. குறிப்பில் தமிழில் தாராளமாக எழுதுங்கள்.

உரிமம் குறித்து நான் ஒரு பிழை விட்டிருக்கிறேன். என் முதல் தொகுப்பில் ஒரு பிரிசெட்டுக்கு, நண்பர் ஒருவர் தந்த அலைத்தொகுப்பைப் (ஒஸிலேட்டருக்கு ஊட்டும் ஆயத்த அலைவடிவங்களின் கோப்பு) பாவித்தேன். அது விலைக்கு விற்கப்படும் தொகுப்பு ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பது பின்னரே தெரிந்தது. இப்படியான பிரிசெட் கோப்பு எண்களோடு அந்த அலையையும் தன்னுள்ளேயே சுமந்து செல்வதால், அதைப் பகிர்ந்தது அடுத்தவரின் பொருளைப் பகிர்ந்ததற்குச் சமம். தொகுப்பைத் திரும்பப் பெற்று, வாங்கிக்கொண்ட ஒவ்வொருவருக்கும் அறிவித்தேன். ஆகவே சைன், ரம்பம், இரைச்சல் போன்ற சின்தசைசரின் சொந்த அலைகளையோ, நீங்களே பதிவு செய்தவற்றையோ மட்டும் பாவியுங்கள்.

உங்கள் பிரிசெட்டை எவரும் எதற்கும் பாவிக்கலாம் என்று விரும்பினால் கிரியேட்டிவ் கொமன்ஸின் சி.சி.0 பொருத்தமானது. பெயர் குறிப்பிட வேண்டும் என்றால் சி.சி.-பி.வை. உள்ளது. வணிகத்துக்குப் பாவிக்கக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. கல்யாண வீட்டில் கூலிக்கு வாசிக்கும் தோட்டத்து இசைக்குழு கூட அந்த நிபந்தனையால் தயங்கும். அவர்களுக்காகத்தானே இதைச் செய்கிறோம். எந்த உரிமமாக இருந்தாலும், இந்த ஒலிகளைக் கொண்டு ஆக்கப்படும் பாடல்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று ஒரு வரி எழுதி விடுங்கள்.

பிரிசெட்டுகளை ஒரு கோப்புறையில் இட்டு, அதனுடன் ஓர் உரைக்கோப்பையும் வையுங்கள். எந்தச் சின்தசைசரின் எந்தப் பதிப்பில் செய்தது, கோப்புகளை எங்கே இட வேண்டும், ஒவ்வொரு மெக்ரோவும் என்ன செய்யும், உரிமம் எது என்பன அதில் இருக்க வேண்டும். பதிவுக்காகத் தப்படித்தவர் விரும்பினால் அவருடைய பெயரை உங்கள் பெயருக்கு மேலே எழுதுங்கள். பிறகு அனைத்தையும் ஒரே சுருக்குக் கோப்பாக்கி, வேறொரு கணினியில், முடிந்தால் வேறொருவரின் கையால், விரித்து நிறுவிப் பாருங்கள். உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் ஏதோ ஒரு கோப்பை உங்கள் பிரிசெட் தேடுகிறதா என்பது அங்கேதான் வெளிப்படும்.

வெளியிட்ட பின் குறை தெரிந்தால் திருத்தலாம். ஆனால் பழைய பிரிசெட்டின் மேல் எழுதாமல், பெயரின் இறுதியில் 2 என்று சேர்த்துப் புதிதாகச் சேமியுங்கள். யாரோ ஒருவர் பழைய ஒலியைக் கொண்டு பாதிப் பாடலை முடித்து வைத்திருப்பார்.